நிறைய ஊர், ஒரு வரைபு: எக்செல் சார்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் பிரதேச செயலகப் பிரிவுகள் 14. அவற்றுக்குக் கீழே கிராம சேவகர் பிரிவுகள் முன்னூறைத் தாண்டும். அம்பாறைப் பக்கம் பிரதேச செயலகப் பிரிவுகளே 20. முன்னேற்ற மீளாய்வுக் கூட்டம் நெருங்கினால் அபிவிருத்தி உத்தியோகத்தர்களும், பாடசாலைப் புள்ளிகளைத் தொகுக்கும் ஆசிரியர்களும், சங்கக் கணக்குப் பார்ப்பவர்களும் அநேகமாக ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

வழிமுறைகள் எக்செல் 2013க்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும் பொருந்தும். லிப்ரே ஆபீஸும் கூகுள் ஷீட்ஸும் வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன். பெரும்பாலான கணினிகளில் மெனு ஆங்கிலத்தில் இருப்பதால் பொத்தான்களின் பெயரை அந்த உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன்.

சேர், 14 பிரிவையும் போட்டேன். அச்சில ஏழு பேர்தான் வருகுது. மிச்சம் எங்க போச்சு?

எங்கும் போகவில்லை. சலாகைகளை எண்ணிப் பாருங்கள், 14ம் இருக்கும். பெயர் எழுத இடம் போதாது என்று கண்டால் எக்செல் ஒன்றுவிட்டு ஒன்றாகவோ, இரண்டு விட்டு ஒன்றாகவோ பெயர்களை மறைத்துவிடும். பெயர்கள் உள்ள அச்சில் ரைட் கிளிக் செய்து "ஃபார்மட் ஆக்சிஸ்" திறவுங்கள். "லேபிள்ஸ்" பகுதியில் "இன்டர்வல் பிட்வீன் லேபிள்ஸ்" என்று இருக்கும். அது "ஆட்டோமேட்டிக்" என்பதில் நிற்கும். "ஸ்பெசிஃபை இன்டர்வல் யூனிட்" என்பதைத் தெரிந்து 1 என்று கொடுத்தால் எல்லாப் பெயரும் வரும். லிப்ரே ஆபீஸில் அச்சின் "லேபிள்" பக்கத்தில் "ஓவர்லேப்" என்பதற்குச் சரி போடுங்கள். கூகுள் ஷீட்ஸில் வரைபை இழுத்துப் பெரிதாக்குங்கள், அல்லது எழுத்தைச் சிறிதாக்குங்கள்.

இதை அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் நினைக்க வேண்டாம். வாகரையின் பெயர் வந்து அடுத்த சலாகைக்குப் பெயர் வராவிட்டால், பார்ப்பவர் இரண்டு சலாகையையும் வாகரைக்கே சேர்த்து வாசிப்பார். கூட்டத்தில் இருக்கும் ஒருவருக்குத் தன் பிரிவு அங்கே இருப்பதே தெரியாது. எந்தப் பெயரை விடுவது என்பதை நாம் தீர்மானிக்க வேண்டும். மென்பொருளின் கையில் அதை விடக் கூடாது. கீழே உள்ள பல பதில்களுக்கும் அடிப்படை இதுதான்.

இப்ப எல்லாப் பேரும் வந்திட்டு. ஆனா சரிஞ்சு ஒண்டுக்கு மேல ஒண்டு கிடக்கு. வாசிக்கேலாது.

நிமிர்ந்து நிற்கும் சலாகையைக் கிடையாக்குங்கள். வரைபில் ரைட் கிளிக், "சேஞ்ச் சார்ட் டைப்", "பார்". அவ்வளவுதான். பெயர்கள் இடப்பக்கத்தில் நேராக, தலையைச் சாய்க்காமல் வாசிக்கும்படி நிற்கும். ஆறேழு பெயருக்கு மேல் போனால் நான் வேறெதையும் முயன்று பார்ப்பதில்லை. எழுத்தைச் சரிவாக்கலாம், 90 பாகைக்குத் திருப்பலாம். ஆனால் சிறிய அளவில் திருப்பிய தமிழ் எழுத்தில் கொம்பும் காலும் கலங்கிப் போகும். எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் "ஸ்டாக்ட்" முறை தமிழுக்கு உதவவே உதவாது.

இன்னொரு பாதி பெயரிலேயே இருக்கிறது. "மண்முனை தெற்கு எருவில் பற்று" என்பது கடிதத்தில் வர வேண்டிய பெயர். வரைபில் "களுவாஞ்சிகுடி" என்றால் எல்லோருக்கும் விளங்கும். அதேபோல மண்முனை தென்மேற்கு என்றால் பட்டிப்பளை, மண்முனை மேற்கு என்றால் வவுணதீவு, போரதீவுப்பற்று என்றால் வெல்லாவெளி, ஏறாவூர்ப்பற்று என்றால் செங்கலடி. தாளில் "வரைபுப் பெயர்" என்று இன்னொரு நிரல் (கொலம்) சேர்த்து, அதிலிருந்து வரைபுக்குப் பெயர் கொடுங்கள். முழுப் பெயர் பக்கத்து நிரலில் அப்படியே இருக்கட்டும்.

உயரத்தையும் கணக்குப் பாருங்கள். 9 புள்ளி எழுத்தில் ஒரு பெயருக்கு ஏறத்தாழ அரை சென்ரிமீற்றர் வேண்டும். 14 பிரிவுக்கு 7 சென்ரிமீற்றர், தலைப்புக்கும் அச்சுக்கும் இன்னும் கொஞ்சம். ஏ4 தாளின் உயரம் 29.7 சென்ரிமீற்றர். ஓரங்களைக் கழித்தால் 45 பெயர் வரை ஒரு பக்கத்தில் மூச்சுவிட்டு நிற்கும். அதற்கு மேல் என்றால் இந்தப் பக்கத்தின் கடைசிப் பகுதியில் உள்ள பெரிய பட்டியல் பற்றிய கேள்வியைப் பாருங்கள்.

சலாகையக் கிடையாப் போட்டா வாகரை அடியில, வெல்லாவெளி மேல. தாளில நான் வாகரையத்தானே முதல்ல எழுதினேன்?

கிடைச் சலாகையில் எக்செல் பட்டியலைக் கீழிருந்து மேலே அடுக்கும். பெயர் அச்சின் "ஃபார்மட் ஆக்சிஸ்" பகுதியில் "கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்" என்பதற்குச் சரி போட்டால் தாளில் உள்ளபடி வரும். உடனே எண் அச்சு மேலே ஏறிவிடும். அதே இடத்தில் "அட் மேக்ஸிமம் கேட்டகரி" என்பதைத் தெரிந்தால் கீழே இறங்கும். லிப்ரே ஆபீஸில் "ஸ்கேல்" பக்கத்தில் "ரிவர்ஸ் டைரக்ஷன்".

வரிசை எப்பிடி வைக்கிற? அகர வரிசையா, கூடினதில இருந்து குறைஞ்சதுக்கா?

கூடியதிலிருந்து குறைந்ததற்கு. பத்துக்கு மேல் பெயர் இருக்கும்போது வரிசைப்படுத்தாத வரைபு வெறும் பற்களாகத்தான் தெரியும். சாதாரண வரைபுக்குள் இதைச் செய்ய முடியாது. தாளில் தரவை வரிசைப்படுத்தினால் வரைபு தானாக மாறும். அகர வரிசை பெயரைத் தேடி எடுப்பதற்கு நல்லது. அட்டவணைக்கு அது பொருந்தும். வரைபில் அதற்கு வேலை குறைவு.

இயல்பான வரிசை உள்ளவற்றை மட்டும் குலைக்கக் கூடாது. வயதுக் குழு, மாதம், தரம் 6 முதல் 11 வரை, இவற்றுக்கு அவற்றின் ஒழுங்கே ஒழுங்கு. வெள்ளம், சூறாவளி, கடல் சம்பந்தப்பட்ட தரவு என்றால் நான் வடக்கிலிருந்து தெற்காக வைப்பேன்: வாகரை, வாழைச்சேனை, ஏறாவூர், மட்டக்களப்பு நகர், காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி. அம்பாறைக் கரையோரம் என்றால் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில். பஸ்ஸில் போகும் ஒழுங்கிலேயே வாசிப்பவர் மனதுக்குள் தன் ஊரைக் கண்டுபிடித்துவிடுவார். இதற்குத் தாளில் "ஒழுங்கு" என்று ஒரு நிரல் வைத்து 1, 2, 3 என்று எண் கொடுத்து, அந்த நிரலைக்கொண்டு வரிசைப்படுத்துங்கள்.

பிரிவு இலக்கமும் ஒரு சலாகையா ஏறி நிற்குது. நான் அதைப் பேராத்தானே போட்டேன்?

எண்ணாக எழுதிய எதையும் எக்செல் அளவாகவே எடுத்துக்கொள்ளும். கிராம சேவகர் பிரிவு இலக்கத்துக்கும் வருடத்துக்கும் இதே கதைதான். 2021, 2022, 2023 என்று எழுதிய நிரல், இரண்டாயிரத்துச் சொச்சம் உயரத்தில் ஒரே மட்டமாக நிற்கும்.

மிகச் சுலபமான வழி: அந்த நிரலின் தலைப்புச் செல்லை வெறுமையாக விட்டுவிட்டு, தரவைத் தெரிந்து வரைபைப் புதிதாகப் போடுங்கள். மேல் இடது மூலைச் செல் வெறுமையாக இருந்தால் முதல் நிரல் பெயர் என்று எக்செல் விளங்கிக்கொள்ளும். ஏற்கெனவே போட்ட வரைபு என்றால் "செலக்ட் டேட்டா" திறந்து இடப்பக்கத்தில் அந்தத் தொடரை (சீரீஸ்) நீக்குங்கள். வலப்பக்கத்தில் "எடிட்" அழுத்தி, பெயர் உள்ள செல்களைக் காட்டுங்கள். கூகுள் ஷீட்ஸில் "ட்ரீட் லேபிள்ஸ் அஸ் டெக்ஸ்ட்" என்று ஒரு தெரிவு உண்டு.

வயசுக் குழு 5-9 எண்டு அடிச்சா திகதியா மாறுது. 15-19 மட்டும் ஒழுங்கா நிற்குது. என்ன இது?

திகதிபோலத் தெரியும் எதையும் எக்செல் திகதியாக மாற்றிவிடும். 5-9 என்பதற்கு நாளும் மாதமும் பொருந்துகிறது, ஆகவே மாறுகிறது. 15-19 எந்த வகையிலும் நாள், மாதமாகப் பொருந்தாது, ஆகவே தப்புகிறது. சுகாதாரத் தரவிலும் சனத்தொகைத் தரவிலும் இது அடிக்கடி நடக்கும். வரைபில் அந்த ஒரு குழு மட்டும் வேறு இடத்துக்கு ஓடிப்போயிருக்கும்.

அடிப்பதற்கு முன்பே அந்த நிரலை "டெக்ஸ்ட்" வடிவத்துக்கு மாற்றுங்கள், அல்லது முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டு அடியுங்கள். மாறிய பிறகு "டெக்ஸ்ட்" ஆக்கினால் நாற்பதாயிரத்துக்கு மேல் ஓர் எண்தான் வரும். அது அந்தத் திகதியின் உள் எண். அழித்துவிட்டுத் திரும்ப அடிக்கத்தான் வேண்டும். "5 முதல் 9" என்று எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை.

ஊர்ப் பேர் அச்சில வரவேணும். அது போய் நிறமாப் பக்கத்தில நிற்குது, மாதம் அச்சுக்கு வந்திட்டு.

நிரையும் (ரோ) நிரலும் எண்ணிக்கையில் வேறுபட்டால், கூடியதை அச்சிலும் குறைந்ததை நிறத்திலும் வைப்பது எக்செலின் வழக்கம். 14 பிரிவுக்கு 24 மாதத் தரவு இருந்தால் மாதம் அச்சுக்குப் போகும், 14 பிரிவும் 14 நிறமாகும். "சார்ட் டிசைன்" பட்டியில் "சுவிட்ச் ரோ/கொலம்" அழுத்தினால் மாறும். மாற்றினால் 24 நிறம் வருமே என்று உடனே கேட்பீர்கள். அந்தத் தரவு ஒரு வரைபுக்குரியதல்ல. நிறம் பற்றி இரண்டு கேள்வி தள்ளிச் சொல்லியிருக்கிறேன்.

வட்ட வரைபுதான் வேணுமாம். 14 துண்டு போட்டா ஒண்டும் விளங்குதில்ல.

விளங்காதுதான். கண்ணால் கோணத்தை அளப்பது கடினம். 6 வீதத்தையும் 8 வீதத்தையும் வட்டத்தில் பிரித்தறிய முடியாது. நீளத்தில் அது உடனே தெரியும். வட்டம் மூன்று நான்கு துண்டுக்கு நல்லது, அதுவும் எல்லாம் சேர்ந்து ஒரு முழுமையாகும்போது மட்டும்.

கட்டாயம் வட்டம்தான் என்றால் "பை ஒஃப் பை" அல்லது "பார் ஒஃப் பை" போடலாம். சிறிய துண்டுகளைச் சேர்த்துப் பக்கத்தில் இன்னொரு வட்டமாகவோ சலாகையாகவோ விரித்துக் காட்டும். எவை விரிய வேண்டும் என்பதை "ஸ்பிளிட் சீரீஸ் பை" என்பதில் இடத்தாலோ, பெறுமானத்தாலோ, வீதத்தாலோ தீர்மானிக்கலாம். "மற்றவை" என்று ஒரே துண்டாக்குவதை நான் விரும்புவதில்லை. அந்த மற்றவைக்குள் எப்போதும் சிறிய பிரிவுகள்தான் அகப்படும், அவற்றுக்குத்தான் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில் கவனம் தேவைப்படும். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் வரைபுக்குக் கீழே எவை எவை என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

நிறம் காணாது மிஸ். ஏழாவதுக்கு மேல எல்லாம் ஒரே மாதிரித் தெரியுது. போட்டோகொப்பி எடுத்தா எல்லாம் சாம்பல்.

எக்செல் கருப்பொருளில் (தீம்) வரைபுக்கென்று ஆறு நிறங்கள். ஏழாவதிலிருந்து அந்த ஆறின் மங்கலும் அடர்வும்தான் திரும்ப வரும். நீங்களே 14 நிறம் தெரிந்து கொடுத்தாலும் பார்ப்பவர் விளக்கப் பெட்டிக்கும் (லெஜண்ட்) வரைபுக்கும் இடையே கண்ணை ஓட்டிக்கொண்டே இருப்பார். நிறக்குருடு உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை.

ஒரே ஒரு தொடர் இருந்தால் ஒரே நிறம் போதும், பெயர்தான் அச்சில் இருக்கிறதே. பல வருடங்களைக் கோடாகக் காட்டும்போது எல்லாக் கோட்டையும் வெளிர்சாம்பல் ஆக்கி, பேசப்போகும் ஒன்றிரண்டை மட்டும் அடர்நிறமாக்குங்கள். விளக்கப் பெட்டியை நீக்கிவிட்டு, கோட்டின் கடைசிப் புள்ளியில் "ஆட் டேட்டா லேபிள்" கொடுத்து, "சீரீஸ் நேம்" என்பதற்குச் சரி போட்டால் கோட்டின் முனையிலேயே ஊர்ப் பெயர் நிற்கும். விளக்கப் பெட்டியில் சில பெயர் காணாமல் போகும் பிரச்சினையும் இதோடு தீரும். அது பெட்டிக்குள் இடம் போதாமல் வருவது. நிழற்பிரதியில் இப்படிப்பட்ட வரைபு தாக்குப்பிடிக்கும்.

தாளில தமிழ் வடிவா இருக்கு. சார்ட்ல மட்டும் இங்கிலீசு எழுத்துக் குப்பை வருகுது.

தாளில் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறீர்கள். பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. வரைபு தன் சொந்த எழுத்துருவைப் பாவிப்பதால் உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது. அவசரம் என்றால் வரைபின் வெளி ஓரத்தைக் கிளிக் செய்து, எழுத்துருவைப் பாமினி ஆக்குங்கள், தமிழ் வந்துவிடும். அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு அனுப்பினால் திரும்பவும் குப்பைதான்.

இதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. பாமினியில் சிறிய எஃப் என்றால் "க", பெரிய எஃப் என்றால் "கு". சிறிய கே என்றால் "ம", பெரிய கே என்றால் "மு". எக்செலோ தேடும்போதும், எண்ணும்போதும், பிவட் டேபிளில் தொகுக்கும்போதும் சிறிய எழுத்தையும் பெரிய எழுத்தையும் ஒன்றாகவே எடுக்கும். "கடல்" என்றும் "குடல்" என்றும் பாமினியில் அடித்து "கவுண்ட்இஃப்" போட்டுப் பாருங்கள், இரண்டும் ஒரே சொல் என்று எண்ணித் தரும். ஆட்பெயர், ஊர்ப்பெயர் ஆயிரக்கணக்கில் உள்ள தாளில் இப்படி இரண்டு பேர் ஒருவராகிவிட்டால் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அகர வரிசையும் ஆங்கில எழுத்தின்படி தாறுமாறாக வரும். ஆகவே யூனிகோடுக்கு மாற்றுங்கள். இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. நிரலை நகலெடுத்து, மாற்றி, ஒட்டி, எழுத்துருவை நிர்மலா யூஐ அல்லது லதா ஆக்கினால் முடிந்தது. பழைய நிரலை உடனே அழிக்காமல் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிவட் சார்ட்ல ஒரே ஊர் ரெண்டு தரம், மூண்டு தரம் வருகுதே?

பலர் சேர்ந்து நிரப்பிய தாளில் இது நடக்கும். "களுவாஞ்சிகுடி", "களுவாஞ்சிக்குடி" இரண்டும் எக்செலுக்கு இரண்டு ஊர். "ஓட்டமாவடி"க்குப் பின்னால் ஒரு வெற்றிடம் இருந்தால் அதுவும் வேறு ஊர். ஊரின் மொத்தம் இரண்டாகப் பிரிந்து, இரண்டு சலாகையும் உண்மையைவிடக் குட்டையாக நிற்கும்.

வெற்றிடத்துக்கு "ட்ரிம்" சூத்திரம் போதும். எழுத்து வேறுபாட்டுக்கு, பிவட்டில் வரும் பெயர்ப் பட்டியலை ஒருமுறை கண்ணால் வாசித்து "ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ்" செய்யுங்கள். இனி நிரப்பப்போகும் தாள் என்றால் "டேட்டா வேலிடேஷன்" வழியாகப் பட்டியல் வைத்துவிடுங்கள், அடிக்காமல் தெரிவு மட்டும் செய்வார்கள்.

டவுன் ஒண்டு மட்டும் வானத்துக்கு நிற்குது. மற்றதெல்லாம் தரையோட கிடக்கு.

முதலில் கேட்க வேண்டியது: எண்ணிக்கையா வேண்டும், வீதமா வேண்டும்? மண்முனை வடக்கில் மட்டக்களப்பு நகரம் இருக்கிறது. ஆள் கூடிய இடத்தில் எதை எண்ணினாலும் கூடத்தான் வரும். ஆயிரம் குடும்பத்துக்கு எத்தனை என்று கணக்கிட்டால் பெரும்பாலும் சலாகைகள் சமநிலைக்கு வரும், உண்மையான வித்தியாசமும் அப்போதுதான் தெரியும்.

எண்ணிக்கையே வேண்டுமென்றால் எண் அச்சை நடுவில் முறிக்காதீர்கள், நீளம் பொய் சொல்லும். அச்சை 0 தவிர வேறு எண்ணில் தொடங்குவதும் அப்படித்தான். மடக்கை (லொக்) அச்சு கணிதம் படித்தவர்களுக்கு விளங்கும், கிராமக் கூட்டத்துக்கு விளங்காது. கிடைச் சலாகையில் அகலத்தை முழுதாக எடுத்து, ஒவ்வொரு சலாகையின் முனையிலும் எண்ணை எழுதுங்கள். சிறியது சிறியதாகவே தெரியட்டும், எண் வாசிக்கக் கிடைக்கும்.

பில்டர் போட்டவுடனே சார்ட்ல இருந்தும் சலாகை காணாமப் போகுது.

மறைத்த நிரையை வரைபிலும் மறைப்பது எக்செலின் இயல்பு. "செலக்ட் டேட்டா"வுக்குள் "ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸ்" அழுத்தி, "ஷோ டேட்டா இன் ஹிடன் ரோஸ் அண்ட் கொலம்ஸ்" என்பதற்குச் சரி போடுங்கள். இதே இயல்பை நாம் பயன்படுத்தவும் முடியும். ஒரே வரைபை வைத்துக்கொண்டு பிரிவு பிரிவாக வடிகட்டிக் காட்டலாம்.

மாத மழைவீழ்ச்சி போட்டேன், சலாகை மயிர் மாதிரி மெல்லிசா வருகுது.

மாதத்தைத் திகதியாக எழுதியிருப்பீர்கள். திகதியைக் கண்டதும் எக்செல் அதைத் திகதி அச்சாக்கும், அந்த அச்சின் அலகு நாளாக நின்றால் நாளுக்கு ஓர் இடம் ஒதுக்கும். வருடத்துக்கு 365 இடம், அதில் 12 மட்டும் நிரம்பினால் சலாகை மெலியத்தான் செய்யும். "ஃபார்மட் ஆக்சிஸ்" பகுதியில் "யூனிட்ஸ்" என்பதற்குக் கீழே "பேஸ்" என்பதை "மந்த்ஸ்" ஆக்குங்கள். அல்லது அச்சு வகையை "டெக்ஸ்ட் ஆக்சிஸ்" ஆக்குங்கள்.

எப்போது எது என்பதில் கவனம் தேவை. இடையில் நாட்கள் விடுபட்ட தரவில் டெக்ஸ்ட் அச்சு அந்த இடைவெளியை மறைத்துவிடும், பத்து நாள் அளக்காமல் விட்டதே தெரியாது. திகதி அச்சு இடைவெளியை இடைவெளியாகவே காட்டும். நமக்கு வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவரும் மழைதான் பெரிது, அது வருட முடிவைத் தாண்டி ஜனவரிக்கும் போகும். அதனால் மழை வரைபை ஜனவரியில் தொடங்கினால் ஒரே பருவம் இரண்டு முனைக்கும் பிரிந்துபோகும். நான் ஒக்டோபரில் தொடங்கி செப்டம்பரில் முடிப்பேன். பெரும்போகமும் சிறுபோகமும் அந்த ஒழுங்கில்தான் வருகின்றன.

எழுவான்கரை, படுவான்கரை எண்டு பிரிச்சு ஒரே சார்ட்ல காட்டேலுமா?

ஏலும். வாவிக்குக் கிழக்கே உள்ளது எழுவான்கரை, மேற்கே உள்ளது படுவான்கரை. பெயர் நிரலுக்கு இடப்பக்கத்தில் இன்னொரு நிரல் வைத்து, குழுவின் முதல் நிரையில் மட்டும் "படுவான்கரை" என்று எழுதி, கீழே உள்ள செல்களை வெறுமையாக விடுங்கள். இரண்டு பெயர் நிரலையும் எண் நிரலையும் சேர்த்துத் தெரிந்து வரைபு போட்டால், வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி மூன்றும் படுவான்கரை என்ற ஒரே தலைப்பின் கீழ் சேர்ந்து நிற்கும். செங்கலடி, கிரான் போன்ற அகன்ற பிரிவுகளை எங்கே சேர்ப்பது என்பதை நீங்களே தீர்மானித்து, வரைபுக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள்.

இந்தத் தாளை அதற்குப் பிறகு பெறுமான வரிசைப்படி அடுக்கினால் வெறுமைச் செல்கள் இடம் மாறிக் குழு குலையும். எல்லா நிரையிலும் குழுப் பெயர் எழுதிய மூலத் தாள் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

"255" எண்டு ஒரு மெசேஜ் வந்து சார்ட்டே வருகுதில்ல.

எக்செலில் ஒரு வரைபில் 255 தொடர் வரைதான் வைக்கலாம். அந்தச் செய்தி வந்தால், பெயர்கள் அச்சுக்குப் போகாமல் தொடராகப் போய்விட்டன. நிறமாக நின்ற ஊர்ப் பெயர் பற்றி மேலே சொன்ன அதே தவறுதான், அளவு பெரிது. தரவைக் குறைவாகத் தெரிந்து வரைபைத் தொடங்கி, "செலக்ட் டேட்டா"வில் தொடரையும் பெயரையும் கையால் கொடுங்கள்.

முன்னூத்துச் சொச்சம் ஜீ.எஸ். (கிராம சேவகர்) பிரிவும் ஒரே பக்கத்தில வேணுமாம். மேலிடத்துக் கட்டளை. என்ன செய்ற?

கட்டளை கொடுத்தவர் உண்மையில் கேட்பது பெரும்பாலும் இரண்டு விஷயம்: எந்த இடம் பின்தங்கியிருக்கிறது, என் பகுதி எங்கே நிற்கிறது. முதலாவதற்குக் கடைசி 15 பிரிவையும் மாவட்ட சராசரியையும் காட்டும் ஒரு கிடைச் சலாகை போதும். இரண்டாவதற்கு வரைபைவிட அட்டவணை நல்லது. எண் நிரலைத் தெரிந்து "கண்டிஷனல் ஃபார்மட்டிங்", "டேட்டா பார்ஸ்" கொடுங்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எண்ணோடு ஒரு சலாகை வரும். பெயர், எண், நீளம் மூன்றும் ஒரே நிரையில். எத்தனை பக்கம் ஓடினாலும் ஒரு பெயரும் விடுபடாது. "பேஜ் லேஅவுட்" பட்டியில் "பிரின்ட் டைட்டில்ஸ்" கொடுத்தால் ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு நிரை வரும்.

பார்வைக்கு வரைபே வேண்டுமென்றால் பிரதேச செயலகப் பிரிவுக்கு ஒன்றாக 14 சிறிய வரைபு போடுங்கள். எல்லாவற்றிலும் எண் அச்சின் உச்சம் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். "மேக்ஸிமம்" என்பதில் கையால் கொடுங்கள், ஆட்டோவில் விட்டால் ஒவ்வொன்றும் தன் அளவுக்கு நீளும், ஒப்பிட முடியாது. எக்செல் 2016இல் வந்த "ட்ரீமேப்" கவர்ச்சியாக இருக்கும். ஆனால் சிறிய பெட்டிகளில் பெயர் வராது. சிறிய ஊர்களின் பெயரை மறைக்கும் வரைபை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

எக்செல்ல எல்லாம் சரி. வேர்டுக்கோ பவர்பொயின்டுக்கோ கொண்டுபோனா பேர் திரும்பவும் காணாமப் போகுது. வாட்சப்ல அனுப்பினா மங்கல்.

ஒட்டும்போது வரைபு சுருங்குகிறது, அதனால் பெயர் மறைதல் திரும்பத் தொடங்குகிறது. முதல் கேள்வியில் சொன்ன 1 கொடுக்கப்படாமல் இருக்கலாம். போகப்போகும் அளவுக்கே எக்செலில் வரைபை அமையுங்கள். "ஃபார்மட்" பட்டியில் உயரம், அகலத்தை சென்ரிமீற்றரில் அடிக்கலாம். பிறகு "பேஸ்ட் ஸ்பெஷல்" வழியாகப் படமாக ஒட்டினால் எதுவும் நகராது. எண் மாறினால் படம் மாறாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வாட்சப்புக்குத் திரையைப் படம் பிடிக்காதீர்கள். பீடிஎஃப் ஆகச் சேமித்து, "டொகியுமென்ட்" என்று அனுப்புங்கள். போனில் விரித்துப் பார்த்தாலும் எழுத்து உடையாது. யூனிகோடு தமிழும் அப்படியே போகும்.

எங்கட பிரிவ மட்டும் வேற நிறத்தில காட்டினேன். வரிசைய மாத்தினா நிறம் வேற ஊருக்குப் போயிட்டு.

கையால் கொடுத்த நிறம் அந்த இடத்தோடு ஒட்டிக்கொள்ளும், ஊரோடு அல்ல. நிறத்தைத் தாளிலிருந்தே வரவையுங்கள். எண் நிரலுக்குப் பக்கத்தில் இரண்டு நிரல் சேருங்கள். முதலாவதில் "இஃப்" சூத்திரம்: ஊர்ப் பெயர், ஒரு தனிச் செல்லில் எழுதிய பெயருக்குச் சமம் என்றால் எண், இல்லாவிட்டால் வெறுமை மேற்கோள். இரண்டாவதில் அதன் மறுதலை. இந்த இரண்டு நிரலையும் தொடராகப் போட்டு, முதலாவதற்கு அடர்நிறமும் மற்றதற்குச் சாம்பலும் கொடுத்து, "சீரீஸ் ஓவர்லேப்" என்பதை 100 ஆக்குங்கள். இரண்டும் ஒரே இடத்தில் நிற்கும், ஊருக்கு ஒரு சலாகையாகத்தான் தெரியும்.

சலாகை முனையில் எண் போட்டிருந்தால் வெறுமையான இடங்களில் 0 என்று வந்து தொல்லை தரும். லேபிளின் எண் வடிவத்தில் "#,##0;;;" என்று கொடுத்தால் 0 மறையும். அந்தத் தனிச் செல்லில் கிரான் என்று மாற்றினால் கிரான் நிறம் பெறும், திருக்கோவில் பக்கத்துத் தாள் என்றால் திருக்கோவில். கூட்டத்துக்குப் போகும் ஒவ்வொரு உத்தியோகத்தருக்கும் அவரவர் பிரிவு தெரியும் பிரதியை ஒரே கோப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம்.